பெங்களூரு தண்டுப் பகுதி (கன்டோன்மென்ட்) வீட்டுடையோருக்கு ஒரு திறந்த மடல்

அலசூரிலும் மர்ஃபி டவுனிலும், காக்ஸ் டவுனிலும் குக் டவுனிலும், பிரேசர் டவுனிலும் ரிச்சர்ட்ஸ் டவுனிலும் தலைமுறை தலைமுறையாக வீடும் மனையும் கொண்டு வாழ்ந்துவரும் பெரியோர்களுக்கும், அவ்வட்டாரங்களில் குடியிருப்போர் நலச் சங்கங்களை நடத்திவரும் அன்பர்களுக்கும்:

உங்களில் சிலருடைய கதவைக் கட்டட நிறுவனத்தார் ஏற்கெனவே தட்டியிருக்கிறார்கள். மற்றவர்களுடைய கதவையும் விரைவில் தட்டுவார்கள். பழைய வீட்டை இடித்து அதே மனையில் அடுக்குமாடி எழுப்பிப் பாதிக்குப் பாதி பங்கிட்டுக்கொள்ளலாம் என்று அவர்கள் கொண்டுவரும் கூட்டு ஒப்பந்தத்தை உங்களில் ஒரு சாரார், உடன்பிறந்தாருக்கு அப்பால் எவருக்கும் சொல்லாமல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள். மற்றொரு சாரார், சங்கக் கூட்டங்களில் எழுந்து நின்று, இந்த வட்டாரத்தில் இனி ஒரு மாடிகூட உயரக் கூடாது என்று தீர்மானம் போடுகிறீர்கள். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பகையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையிலே, எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் எழும்பலாம் என்ற முடிவு, உங்களில் எவரையும் கேளாமலே, வேறிடத்தில் கட்டண விகிதமாக நிர்ணயிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. இதனாலேயே இம்மடலை எழுதலானேன்.

மனையைக் கொடுப்பவர்களை நான் குறைசொல்ல வரவில்லை. மங்களூர் ஓடு வேய்ந்த கூரை மழைக்கு மழை ஒழுகுவதையும், தேக்குச் சட்டங்களைச் செப்பனிடத் தெரிந்த தச்சர்கள் அருகிவிட்டதையும், அப்பனும் பாட்டனும் விட்டுச்சென்ற ஒரே சொத்தில் நான்கைந்து வாரிசுகளின் பங்கு சிக்கிக்கிடப்பதையும், பிள்ளைகள் கடல்கடந்து போய்விட்டபின் முதியவர் இருவர் மட்டும் எட்டு அறைகளைப் பெருக்கிக்கொண்டிருக்கும் சிரமத்தையும் அறிந்தவர் எவரும், அந்தக் கையெழுத்தைப் பேராசை என்று சொல்லத் துணியமாட்டார். உங்களிடம் நான் முறையிட விரும்புவது ஒன்றே: பங்கு எத்தனை சதுர அடி என்பதைப் பற்றி மாதக்கணக்காகப் பேரம் பேசும் நீங்கள், அந்தக் கட்டடம் எழுந்தபின் உங்கள் தெரு என்னவாகும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையாவது ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னதுண்டா?

மாடியே வேண்டாம் என்போருக்கும் சற்றுக் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படியே இந்நகரத்தின் எல்லைக்குள் 84 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அதன்பின் வந்து சேர்ந்தவர்களின் பெருக்கத்தை நீங்கள் சாலையில் அன்றாடம் காண்கிறீர்கள். அதே 2011 அக்டோபரில்தான் பையப்பனஹள்ளியிலிருந்து மகாத்மா காந்தி சாலை வரை முதல் மெட்ரோ ரயில் ஓடிற்று. அலசூரும் டிரினிடியும் அன்றே ரயில் நிலையங்களாயின. ஜனங்களின் பொதுப் பணத்தால் இட்ட அந்த ரயில் பாதைக்கு நூறு கஜ தூரத்தில் ஒரு குடும்பம் மட்டும் வாழும் தோட்ட வீடுகள் என்றென்றும் அப்படியே இருக்கவேண்டும் என்று கேட்பதும், அந்தத் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்குகிறவளும், உங்கள் சமையலறையில் நிற்கிறவளும், இரவில் வாசலைக் காக்கிறவனும் நகரத்தின் விளிம்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து போகவேண்டும் என்று விதிப்பதும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்கள் என்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். 1809-இல் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கென உண்டான இந்தத் தண்டு, 1898-இல் பிளேக் நோய் பழைய நகரான பேட்டையையும் தண்டையும் சூறையாடிய பிறகு புதிய விஸ்தரிப்புகளாக மாறிற்று. 1949-இல் பேட்டையோடு இணைந்து ஒரே மாநகராட்சி ஆயிற்று. மாறாத ஊராக அது எந்நாளும் இருந்ததில்லை. ஆகையால் உயரத்தை அடியோடு மறுக்கும் உரிமை நமக்கு உண்டு என்று நான் கருதவில்லை.

எந்த உயரம், எந்தத் தெருவில், எதற்குப் பிறகு என்று கேட்கும் உரிமையோ நமக்கு முழுமையாக உண்டு. அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்காமல் விட்டோம்.

கட்டட விதிகளில் எஃப்.ஏ.ஆர். (தளப்பரப்பு விகிதம்) என்று வழங்கும் கணக்கு உங்களுக்குப் புதிதல்ல. அறுபதுக்கு நாற்பது அடி சைட் ஒன்றின் பரப்பு 2,400 சதுர அடி, விகிதம் 1.75 என்றால் எல்லா மாடிகளும் சேர்ந்து 4,200 சதுர அடி கட்டலாம். 2007-இல் அரசு அங்கீகரித்த திருத்திய பெருந்திட்டம், சிறு மனைகளுக்கும் குறுகிய சாலைகளுக்கும் இந்த 1.75-ஐயும், பெரிய மனைகளுக்கும் அகன்ற சாலைகளுக்கும் படிப்படியாக 3.25 வரையிலும் விதித்தது. அத்திட்டத்தில் குறைகள் பல உண்டு. ஆயினும் சாலையின் அகலம் எவ்வளவோ அதற்கேற்பத்தான் கட்டடத்தின் பளு இருக்கவேண்டும் என்ற ஒரு நியாயம் அதன் அடியில் இருந்தது. அத்திட்டம் 2015-ஆம் ஆண்டு வரைக்குமே வகுக்கப்பட்டது. அதற்குப் பின் 2031-க்கென்று ஒரு வரைவை 2017-இல் வெளியிட்டு, ஜனங்களிடம் ஆட்சேபனைகளையும் பெற்று, 2020-இல் அதை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். காலாவதியான திட்டமே இன்னும் நம்மை ஆள்கிறது. இந்த வெற்றிடத்தில்தான், நிலத்தின் வழிகாட்டி மதிப்பில் ஒரு பகுதியை அரசுக்குச் செலுத்தினால் அனுமதிக்கப்பட்ட விகிதத்துக்கும் மேலே கட்டலாம் என்னும் பிரீமியம் எஃப்.ஏ.ஆர். முறையைச் சட்டத்தில் இடம்பெறச் செய்திருக்கிறார்கள்.

இதில் என் மனத்தை உறுத்துவது கட்டணம் வாங்குவதன்று. கூடுதல் பரப்பால் லாபம் அடைகிறவன் நகரத்துக்கு ஒரு பங்கு தரவேண்டியது முறையே. ஆனால் பணம் செலுத்தப்பட்டுவிட்டதனால் முப்பது அடித் தெரு நாற்பது அடியாகிவிடுவதில்லை; தெருவின் கீழே கிடக்கும் கழிவுநீர்க் குழாய் பெருத்துவிடுவதுமில்லை. அந்தப் பணம் எந்தத் தெருவின் பளு கூடிற்றோ அதே தெருவுக்குத் திரும்பி வரவேண்டும் என்ற நிபந்தனையை நாம் வற்புறுத்தாவிட்டால், அது மாநகரப் பொக்கிஷத்தின் பெருங்கடலில் கரைந்து, வேறெங்கோ ஒரு பெருந்திட்டத்தின் செலவாக முடிந்துபோகும். இந்த விஷயத்தில் நமக்காகக் கேட்கவேண்டிய பிரதிநிதிகள் எங்கே என்று பார்த்தால், மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015-இல். அம்மன்றத்தின் ஆயுள் 2020 செப்டம்பரில் முடிந்தது. பிறகு ஆண்டுக்கணக்காக அதிகாரிகளே ஆண்டார்கள். 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி கலைந்து, கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன் கீழே ஐந்து மாநகராட்சிகளும் தோன்றின. இத்தனை நீண்ட காலம் மாநகராட்சியில் ஜனப் பிரதிநிதி எவரும் இல்லாத ஒரு நகரத்தில், அதன் வானத்தின் விலை நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது.

உயரம் வேறு, நெருக்கம் வேறு என்பதையும் நீங்கள் மனத்தில் கொள்ளவேண்டும். மகாத்மா காந்தி சாலையில் 25 மாடிகள் கொண்ட பப்ளிக் யுடிலிடி பில்டிங் 1973-இல் எழுந்தபோது தென்னாட்டிலேயே அவ்வளவு உயரமான கட்டடம் வேறில்லை என்று நகரம் பெருமைகொண்டது. அதே 1973-இல் பாரிஸ் மாநகரிலும் மோன்பர்னாஸ் கோபுரம் 210 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. அதைக் கண்டு வருந்திய அந்நகரத்தார் 1977-இல் நகருக்குள் 37 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாதென்று வரம்பு கட்டினார்கள். இடையில் அதைத் தளர்த்திப் பார்த்துவிட்டு 2023-இல் மறுபடியும் அதே 37 மீட்டருக்குத் திரும்பினார்கள். ஆறேழு மாடிகளுக்கு மேல் போகாத வீதிகளைக் கொண்ட அந்தப் பாரிஸ்தான் ஐரோப்பாவில் ஜனங்கள் மிக நெருங்கி வாழும் நகரங்களுள் ஒன்று. ஆகவே பலருக்கு இடம் வேண்டும் என்பதனால் முப்பது மாடி வேண்டும் என்பது தர்க்கமாகாது. நம்முடைய நகரத்தின் நடுவில் எழுந்துள்ள மிக உயர்ந்த குடியிருப்புகளில் ஒரு மாடிக்கு ஒன்றோ இரண்டோ குடும்பங்களும், அவற்றின் நான்கைந்து மோட்டார் வாகனங்களும் இருப்பதைக் கண்ட பிறகும், உயரமே வீட்டுப் பஞ்சத்துக்குப் பரிகாரம் என்று சொல்பவர்களை எப்படி நம்புவது?

இனி அபாயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்வதற்கு வேதனையாக இருந்தாலும் சொல்லாமல் விடமுடியாது. 1983 செப்டம்பரில் மெஜஸ்டிக் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கங்காராம் கட்டடம் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலையிலே கார்ல்டன் டவர்ஸ் தீப்பற்றியபோது, புகைக்கு அஞ்சிக் கண்ணாடியை உடைத்துக் குதித்தவர்களும் புகையிலேயே மூச்சடங்கியவர்களுமாக ஒன்பது உயிர்கள் போயின. 2024 அக்டோபரில், பெருமழை நாளொன்றில், பாபுசாபாளையத்தில் அனுமதிக்கு மேல் மாடிகள் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் இடிந்து மறுபடியும் ஒன்பது பேர், கூலி வேலைக்கு வந்தவர்கள், மண்ணுக்குள் போனார்கள். சென்னையில் உஸ்மான் சாலையில் 2017 மே 31 அன்று தீப்பற்றிய சென்னை சில்க்ஸ் கட்டடம் நாள் கடந்தும் எரிந்துகொண்டிருந்ததையும், பிறகு அதை இடித்தே தள்ளவேண்டி வந்ததையும் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டர் உயரத்திலிருந்தே ஒரு கட்டடத்தை உயர்மாடியாகக் கருதித் தனிப் பாதுகாப்புகளைக் கேட்கிறது. பதினைந்து மீட்டர் என்பது ஏறக்குறைய ஐந்து மாடிதான். அரசு எவ்வளவு உயரமான ஏணி வண்டியை வாங்கி நிறுத்தியிருந்தாலும், இருபுறமும் கார்கள் நிற்கும் நம் சந்துகளுக்குள் அது திரும்பி நுழைந்து, கால் பரப்பி நின்று, ஏணியை உயர்த்த இடம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு மாலை வேளையில் உங்கள் தெருமுனையில் நின்று நீங்களே கண்ணால் அளந்து பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி நம்மவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் மேலேற்றி, 1974 முதல் காவிரியைக் குடித்துவரும் ஊர் இது. யுடிலிடி பில்டிங் எழுந்ததற்கு அடுத்த ஆண்டுதான் அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்தது என்பதை நினைக்கும்போது, கட்டடம் முதலிலும் தண்ணீர் பிறகும் என்னும் நம் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டதோ என்று தோன்றுகிறது. 2024 கோடையில் அரசின் ஏறக்குறைய 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக முதலமைச்சரே கூறினார். அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம், நகரோடு சேர்க்கப்பட்டு நெடுநாள் குழாய்நீர் காணாதிருந்த 110 கிராமங்களுக்கென வகுக்கப்பட்டது. நடு நகரத்தின் புதுக் கோபுரங்கள் அதற்குச் சொந்தம் கொண்டாடுவது அந்தக் கிராமங்களின் வாயிலிருந்து பறிப்பதாகும். வந்த தண்ணீர் வெளியேறவும் வேண்டுமல்லவா? 2016 மார்ச்சில் அலசூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது, மழைநீர் ஓடவேண்டிய ராஜகால்வாய் வழியே அந்த ஏரிக்கு நாம் எதை அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பது ஊரெல்லாம் தெரிந்தது. அதே கால்வாய்க்கு மேலும் ஆயிரம் வீடுகளின் சாக்கடையைச் சேர்ப்பதற்கு முன், குழாய்களை மாற்றுவது யார், என்றைக்கு என்று எழுத்தில் பெறவேண்டாமா?

நான் வசிக்கும் தெருவிலேயே, ஒரு குடும்பத்தின் வீடு இருந்த மனையில் இப்போது பத்துக்கு மேற்பட்ட குடித்தனங்கள் இருக்கின்றன. அங்கே வந்திருப்பவர்கள் நல்லவர்கள். அவர்களுடைய குழந்தைகளால் தெருவுக்கு ஜீவன் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் லாரி வராத நாளில்லை. அது நின்று இறைக்கும் நேரமெல்லாம் தெரு அடைபட்டுப்போவதால், பக்கத்து வீட்டு முதியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நிற்க, அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றோம். கட்டியவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். மனை கொடுத்தவரும் வேறெங்கோ குடிபோய்விட்டார். வீடு வாங்கியவர்களோ ஒன்றும் அறியாதவர்கள். யாரைப் போய்க் கேட்பது? அனுமதிக்கு முன் கேட்கப்படாத கேள்வி பிறகு எவரிடமும் கேட்க முடியாததாகிவிடுகிறது என்பதை அன்று நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது உணர்ந்தேன்.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி உங்கள் இரு சாராருமே பேசக் கேட்டதில்லை. உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் அவுட்ஹவுஸிலும், பெருந்தொகை ஒன்றை லீசுக்குக் கொடுத்துவிட்டும், பத்து மாத அட்வான்ஸ் கட்டிவிட்டும் குடியிருக்கிறார்களே தையற்காரர், ஆட்டோ ஓட்டுபவர், ஆரம்பப் பள்ளி ஆசிரியை, அவர்களும் இந்தத் தெருவின் ஜனங்கள்தாம். அவர்களில் அநேகர் நம் தாய்மொழி பேசுபவர்கள். பட்டாளத்தோடும் கட்டட வேலையோடும் வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த பாட்டன்மாரின் வழித்தோன்றல்கள். வீடு இடிபடும்போது இரண்டு மாத அவகாசத்தில் வெளியேறுகிற அவர்களுக்கு, எழும்பும் கட்டடத்தில் ஒரு மூலையும் கிடைப்பதில்லை. அந்த மாடிகளை எழுப்புவதற்குச் சொல்லப்படும் நியாயமே பலருக்கு வீடு வேண்டும் என்பதுதான் என்றால், ஏற்கெனவே அங்கே இருந்தவர்களை வெளியேற்றிவிட்டு அந்த நியாயத்தை எப்படி உச்சரிப்பது? உங்கள் பங்கில் ஒரு சிறிய வீட்டைப் பழைய குடித்தனக்காரருக்கு இசைந்த வாடகைக்கு ஒதுக்குவதும், கட்டி முடியும் வரை அவருக்கு மாற்றிடத்துக்கான வாடகையைக் கட்டட நிறுவனமே தரும்படி ஒப்பந்தத்தில் எழுதச் செய்வதும் உங்களால் முடியாத காரியமல்ல.

கப்பன் பூங்காவின் ஓரத்தில் செக்கச்செவேலென நிற்கும் அட்டாரா கச்சேரியை 1860-களில் ஒப்பந்தமெடுத்துக் கட்டியவர் நம்மவரான ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அந்தத் தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கென்று 1873-இல் பள்ளி நிறுவினார். அவர் பெயர் தாங்கிய கல்விச்சாலைகள் அலசூர்ப் பக்கத்தில் இன்றும் நடக்கின்றன. அவர் கட்டிய அக்கட்டடத்தை 1980-களில் இடித்துவிட அரசு எண்ணியபோது, இந்நகரத்துப் பிரஜைகள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். இன்றும் உயர் நீதிமன்றம் அங்கேதான் கூடுகிறது. அப்படி எதிர்ப்பார் போதாமல் போன ரெசிடென்ஸி சாலை விக்டோரியா ஹோட்டல் இடிக்கப்பட்டு, அந்த மனையில் வணிக வளாகம் வந்தது. நம் முன்னோர் இந்த ஊரில் கட்டியவர்கள். கட்டுவதற்கு அஞ்சியவர்கள் அல்லர். கட்டியதிலிருந்து ஊருக்கு ஒரு பங்கைத் திருப்பித் தந்தவர்களும் அவர்கள்தாம். அந்த இரண்டையும் நினைவில் வைத்தே உங்களிடம் என் விண்ணப்பத்தைச் சொல்கிறேன்.

மனை கொடுக்கவிருப்பவர்களே, தனித்தனியாகக் கையெழுத்திடாதீர்கள். ஒரு தெருவில் நால்வர் அழைக்கப்பட்டிருந்தால் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே வக்கீலைக் கொண்டு, தீயணைப்புப் பாதையும் மழைநீர்த் தொட்டியும் கழிவுநீர் சுத்திகரிப்பும் குடித்தனக்காரர் உரிமையும் கொண்ட ஒரே மாதிரியான சாசனத்தை முன்வையுங்கள். நால்வரும் சேர்ந்து கேட்பதைக் கட்டட நிறுவனம் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. எதிர்ப்பவர்களே, மாடியே வேண்டாமென்ற தீர்மானத்தைக் கைவிடுங்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய அகன்ற சாலைகளில் உயரத்துக்குச் சம்மதம் என்றும், நாற்பது அடிக்குக் குறைந்த தெருக்களில் கட்டணம் எவ்வளவு கொடுத்தாலும் ஐந்து மாடிக்குமேல் சம்மதமில்லை என்றும், பிரீமியமாக வசூலாகும் தொகை அதே வார்டின் குழாய்க்கும் கால்வாய்க்குமே செலவாகவேண்டும் என்றும், கூடுதல் மாடி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பமும் அனுமதிக்கு முன் வார்டு கமிட்டியில் பகிரங்கமாக வாசிக்கப்படவேண்டும் என்றும் தெளிவாக எழுதுங்கள். இடமில்லை என்று மட்டும் சொல்பவனின் கடிதத்தை அதிகாரி ஒதுக்கி வைப்பார். எங்கே இடமுண்டு என்று காட்டுபவனுக்கு அவர் பதில் எழுதியே ஆகவேண்டும்.

உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு, மனையைக் கொடுத்துவிட்டவர்களையும், புதுக் கட்டடங்களில் குடியேறியிருப்பவர்களையும், பின்கட்டில் இருப்பவர்களையும் பெயர் சொல்லி அழையுங்கள். இதுவரை வீட்டுடையோர் மட்டுமே கூடிப் பேசியது போதும். அன்று நிறைவேறும் தீர்மானத்தைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, தெருவின் அகலத்தையும் குழாயின் நிலையையும் நீங்களே அளந்து குறித்த ஒரு வரைபடத்தோடு சேர்த்து, உங்களுக்குரிய மாநகராட்சி ஆணையருக்கும் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்துக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள். புதிய பெருந்திட்டத்தின் வரைவு வெளிவந்து ஆட்சேபனைக்கு அழைப்பு வரும் நாளில், அந்தத் தாள் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்துக் குடிமகன் ஒருவன்